நட்சத்திர வீரரைக் கைநழுவ விடாமல் ஒப்பந்தம் போடுவது எப்படி?

இங்கிலாந்தின் கால்பந்துக் கிளப்பான மான்செஸ்டர் யுனைடெட், பால் போக்பா என்ற வீரரை 2012இல் ஒப்பந்தம் முடிந்த நிலையில் இத்தாலியின் யுவென்டஸிடம் இழந்தது. கைக்கு வந்தது இளம் வீரரை வளர்த்ததற்கான பயிற்சி இழப்பீடாகக் கிடைத்த சிறு தொகை மட்டும். 2016இல் அதே வீரரை யுவென்டஸிடமிருந்து சுமார் 8.9 கோடி பவுண்டு கொடுத்துத் திரும்ப வாங்கியது. அந்த நாளில் அது உலகச் சாதனை விலை. 2022இல் ஒப்பந்தம் மறுபடியும் காலாவதியானது, போக்பா மறுபடியும் யுவென்டஸுக்கே போனார், இந்தத் தடவையும் டிரான்ஸ்ஃபர் தொகை (வீரரை விடுவிக்க ஒரு கிளப் இன்னொரு கிளப்புக்குக் கொடுப்பது) இல்லை.

இதைச் சம்பளத் தகராறு என்று மட்டும் படித்தால் பாதிதான் புரியும். பேச்சுவார்த்தை மேசையில் முறிந்து வீரர் போவது குறைவு. கிளப் அந்த மேசைக்கே வராமல் கடத்திய பன்னிரண்டு, பதினெட்டு மாதங்களில்தான் பெரும்பாலும் இழப்பு நடக்கிறது. ஒப்பந்தம் எழுதும் நாளில் காலம் கிளப்பின் பக்கம் இருக்கும், ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் கொஞ்சமாக வீரரின் பக்கம் சாயும். இந்தக் கையேட்டில் வரும் எல்லா வேலையும் அந்தச் சாய்வைக் கணக்கில் எடுத்துச் செய்வதுதான். கிளப்பில் ஒப்பந்தங்களைக் கையாளும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் சட்டம், சுருக்கமாக

1995 டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் பெல்ஜிய வீரர் ஜான்-மார்க் போஸ்மான் வழக்கில் தீர்ப்பு சொன்னது. அதுவரை ஒப்பந்தம் முடிந்த வீரருக்கும் பழைய கிளப் விலை கேட்கலாம். அதற்குப் பிறகு முடியாது. 1999இல் லிவர்பூலின் ஸ்டீவ் மெக்மனமான் ரியல் மாட்ரிட்டுக்கும், 2001இல் டாட்டன்ஹம் கேப்டன் சால் காம்ப்பெல் எதிரிக் கிளப்பான ஆர்சனலுக்கும் ஒரு காசு இல்லாமல் போனது இந்த வாசல் வழியாகத்தான்.

ஃபிஃபா விதிகளில் மனப்பாடமாக இருக்க வேண்டியவை சில. ஒப்பந்தத்தின் உச்ச நீளம் 5 ஆண்டு, உள்நாட்டுச் சட்டம் அனுமதித்தால் அதற்கு மேலும். 18 வயதுக்கு உட்பட்டவருக்கு 3 ஆண்டு. ஒப்பந்தம் முடிய 6 மாதம் இருக்கும்போது வீரர் வேறு கிளப்போடு முன்-ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம். ஜூனில் முடிகிற ஒப்பந்தத்துக்கு அந்த நாள் ஜனவரி 1. (இங்கிலாந்தில் உள்ள வீரர் ஜனவரியில் வெளிநாட்டுக் கிளப்போடு பேசலாம், இன்னொரு இங்கிலாந்து கிளப்போடு பேச சீசன் முடியும்வரை பொறுக்க வேண்டும்.)

அதிகம் பேசப்படாத விதி ஒன்று உண்டு: பாதுகாக்கப்பட்ட காலம். 28 வயதுக்கு முன் போட்ட ஒப்பந்தத்தில் முதல் 3 ஆண்டு, 28க்குப் பின் போட்டதில் முதல் 2 ஆண்டு. அதற்குள் காரணமின்றி ஒப்பந்தத்தை முறித்தால் ஆடத் தடை வரும். அது கடந்தபின் முறித்தால் இழப்பீடு மட்டுமே. ஆண்டி வெப்ஸ்டர் 2006இல் ஸ்காட்லாந்தின் ஹார்ட்ஸ் கிளப்பை விட்டு இங்கிலாந்தின் விகனுக்குப் போனது இப்படித்தான். விளையாட்டு நடுவர் மன்றம் 2008இல் அவர் கட்ட வேண்டிய தொகையை 1.5 லட்சம் பவுண்டாகக் குறைத்தது. அதை நம்பி எல்லோரும் கிளம்பிவிடவில்லை. அடுத்த ஆண்டே, இதேபோல் முறித்துக்கொண்டு போன மட்டுசலெம் என்ற வீரரின் வழக்கில், அவருடைய பழைய கிளப் ஷக்தார் டொனெட்ஸ்குக்குச் சுமார் 1.19 கோடி யூரோ கொடுக்கச் சொல்லி அதே மன்றம் பயமுறுத்தியது. உங்களுக்குப் பயன்படும் விஷயம் வேறு: ஒப்பந்தத்தை நீட்டித்தால் பாதுகாக்கப்பட்ட காலம் மறுபடி முதலிலிருந்து ஓடத் தொடங்கும். சம்பளம் உயர்த்தாமல் வெறும் ஒரு வருடம் நீட்டினாலும்கூட.

நாட்காட்டி

ஒப்பந்தம் 2029 ஜூன் 30 அன்று முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். பின்னோக்கி எண்ணுங்கள்.

2026 டிசம்பர், அதாவது 30 மாதம் முன்பு: இவர் நமக்கு வேண்டுமா, வேண்டுமென்றால் எந்த விலைவரை என்பதைக் கிளப்புக்குள் முடிவு செய்ய வேண்டிய நாள். பயிற்சியாளர், விளையாட்டு இயக்குநர், நிதிப் பொறுப்பாளர், மருத்துவர் நால்வரும் எழுத்தில் கருத்துத் தர வேண்டும். பயிற்சியாளரின் சொல்லை மட்டும் கேட்டு முடிவெடுக்காதீர்கள். வீரரின் அடுத்த ஒப்பந்தம் முடியும்போது அந்தப் பயிற்சியாளர் அங்கே இருக்கும் வாய்ப்பு குறைவு.

2027 ஜூன், 24 மாதம் முன்பு: எழுத்து மூலமான முதல் தொகை ஏஜென்ட் கையில் இருக்க வேண்டும். வாய்மொழியாகச் சொல்வது கணக்கில் வராது.

2027 டிசம்பர், 18 மாதம் முன்பு: கையெழுத்து, அல்லது ‘இல்லை’ என்ற தெளிவான பதில். “யோசிக்கிறோம்” என்பதை ‘இல்லை’ என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பதில் ‘இல்லை’ என்றால் 2028 கோடையில் விற்பதற்கான வேலையும், மாற்று வீரர் தேடலும் அன்றே தொடங்க வேண்டும்.

2028 கோடை: விலை மிச்சமிருக்கும் கடைசிச் சந்தை. 2029 ஜனவரி 1க்குப் பிறகு நீங்கள் விற்பவர் அல்ல, வேடிக்கை பார்ப்பவர்.

இந்த நாட்காட்டியைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம்: கிறிஸ்டியன் எரிக்சன் 2020 ஜனவரி கடைசியில் டாட்டன்ஹமிலிருந்து இன்டர் மிலானுக்குச் சுமார் 2 கோடி யூரோவுக்குப் போனார். அப்போது ஒப்பந்தத்தில் மிச்சம் ஐந்து மாதம். புதிதாக ஏதாவது செய்து பார்க்க ஆசை என்று அவர் முந்திய ஜூனிலேயே வெளிப்படையாகச் சொல்லியிருந்தார்.

காலக்கெடுவை ஒவ்வொரு வீரருக்கும் தனித்தனியாகப் பார்த்தால் போதாது. மொத்த அணியின் ஒப்பந்த முடிவுகளை ஒரே தாளில் வரையுங்கள். ஒரே ஜூனில் இரண்டு முக்கிய வீரர்களுக்கு மேல் முடியக் கூடாது. லிவர்பூலில் முகமது சலா, வெர்ஜில் வான் டைக், ட்ரென்ட் அலெக்சாண்டர்-ஆர்னால்ட் மூவருக்கும் ஒப்பந்தம் 2025 ஜூனில் முடிந்தது. முதல் இருவரும் கடைசி நேரத்தில், 2025 ஏப்ரலில், 2027 வரை கையெழுத்திட்டார்கள். மூன்றாமவர், சொந்த அகாடமியில் வளர்ந்தவர், 26 வயது, ரியல் மாட்ரிட்டுக்குப் போனார். கிளப் உலகக் கோப்பைக்கு ஒரு மாதம் முன்னதாக அவரை விடுவிக்க மாட்ரிட் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட சுமார் 1 கோடி யூரோதான் லிவர்பூலுக்குக் கிடைத்தது. மூன்று பேச்சுவார்த்தை ஒரே சமயத்தில் நடந்தால் ஒவ்வொரு ஏஜென்டும் மற்ற இருவருக்கு என்ன கிடைக்கிறது என்று பார்த்துக்கொண்டு காத்திருப்பார், ஒருவரும் முதலில் கையெழுத்திட மாட்டார்.

தள்ளிப்போடுவதில் இன்னொரு ஆபத்து, எதிர்பாராத அடி. 2022 மார்ச்சில் பிரிட்டிஷ் அரசு செல்சி உரிமையாளர் ரோமான் அப்ரமோவிச்சின் சொத்துகளை முடக்கியபோது செல்சியால் புதிய ஒப்பந்தம் எதுவும் போட முடியாமல் போனது. அன்டோனியோ ரூடிகர், ஆண்ட்ரியாஸ் கிறிஸ்டென்சன் இருவரும் அந்தக் கோடையில் இலவசமாக ஸ்பெயினுக்குப் போனார்கள். தடை வரும் என்று யாரும் கணித்திருக்க முடியாது. ஆனால் 18 மாதம் முன்பே கையெழுத்து வாங்கியிருந்தால் தடையால் ஒன்றும் ஆகியிருக்காது.

முதல் தொகையைச் சொல்லும் முன் போட வேண்டிய கணக்கு

ஓர் உதாரணம். வீரரை 6 கோடி பவுண்டுக்கு 5 ஆண்டு ஒப்பந்தத்தில் வாங்கினீர்கள். கணக்குப் புத்தகத்தில் அந்த 6 கோடி ஆண்டுக்கு 1.2 கோடியாகப் பிரிந்து செலவாகும். 3 ஆண்டு முடிந்ததும் புத்தக மதிப்பு 2.4 கோடி. இப்போது அவர் வாரச் சம்பளம் 1,20,000 பவுண்டு. ஏஜென்ட் கேட்பது 1,80,000. இயக்குநர் குழு தயாராக இருப்பது 1,60,000.

முதல் வரி: இழுபறி எவ்வளவு? வாரம் 20,000 என்றால் ஆண்டுக்கு 10.4 லட்சம், 4 ஆண்டுக்கு 41.6 லட்சம். சந்தையில் இந்த வீரரின் விலை 5 கோடி என்றால், 41.6 லட்சத்துக்காக 5 கோடியைப் பணயம் வைக்கிறீர்கள். மாற்று வீரரை வாங்க அதே 5 கோடியும், ஏஜென்ட் கட்டணமும், அவருடைய சம்பளமும் ஆகும். அவர் நன்றாக ஆடுவார் என்ற உத்தரவாதமும் இல்லை.

இரண்டாவது வரியைப் பலர் எழுதுவதில்லை: தொற்று. இவருக்குக் கொடுத்தால் உடைமாற்றும் அறையில் இன்னும் ஐந்து பேர் தலா 20,000 கேட்பார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 52 லட்சம், 4 ஆண்டுக்கு 2.08 கோடி. ஆக, கேட்டதைக் கொடுப்பதன் உண்மைச் செலவு 41.6 லட்சம் அல்ல, ஏறத்தாழ 2.5 கோடி. இந்த உதாரணத்தில் அப்போதும் கொடுப்பதே லாபம். ஆனால் தொற்று பத்துப் பேரைப் பிடிக்கும் அணியில் அந்த லாபம் பெரும்பாலும் கரைந்துவிடும்.

மூன்றாவது வரி நிதிப் பொறுப்பாளருக்கு இனிப்பானது. இப்போது மிச்சமிருக்கும் 2 ஆண்டோடு 3 ஆண்டு சேர்த்து நீட்டினால், 2.4 கோடி புத்தக மதிப்பு 5 ஆண்டுக்குப் பரவி ஆண்டுக்கு 48 லட்சமாகும். இருந்தது 1.2 கோடி. ஆண்டுக்கு 72 லட்சம் செலவு குறைகிறது. வாரம் 60,000 உயர்த்துவதன் செலவு ஆண்டுக்கு 31.2 லட்சம். கேட்டதை முழுசாகக் கொடுத்தாலும் அடுத்த இரண்டு ஆண்டுகளில் புத்தகச் செலவு முன்பைவிடக் குறைவுதான். கையிலிருந்து போகும் ரொக்கம் கூடும் என்பது உண்மை, அதைத் தனியாகப் பாருங்கள். அகாடமியில் வளர்ந்தவருக்கு இந்தச் சலுகை கிடையாது, ஏனென்றால் அவருக்குப் புத்தக மதிப்பே பூஜ்ஜியம். சொந்தப் பிள்ளைக்கு உயர்த்தித் தரக் கிளப்புகள் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நான்காவது வரியில் எதிராளியின் கணக்கைப் போடுங்கள். 24 மாதம் மிச்சமிருக்கும்போது அவரை வாங்க நினைக்கும் கிளப் உங்களுக்கு 5 கோடி தர வேண்டும். ஒப்பந்தம் முடிந்தபின் வாங்கினால் அந்த 5 கோடி அவர்கள் கையிலேயே இருக்கும். அதில் 1.5 கோடியை வீரருக்குக் கையெழுத்து போனஸாகவும், வாரம் 50,000 கூடுதலாகவும் (4 ஆண்டுக்கு 1.04 கோடி) கொடுத்தாலும் மொத்தம் 2.54 கோடிதான். இன்னும் பாதி மிச்சம். கடைசி ஆண்டில் நீங்கள் போட்டியிடுவது வேறொரு கிளப்பின் பணத்தோடு அல்ல, உங்களுக்கு வந்திருக்க வேண்டிய பணத்தோடு. ஒரு வருடம் முன்பு வீரர் மகிழ்ச்சியாகக் கையெழுத்திட்டிருக்கும் தொகை இப்போது அவருக்கு ஆறின கஞ்சி.

தொகையைச் சொல்லும் விதம்

ஆஷ்லி கோல் ஆர்சனலை விட்டுப் போன கதையில் இடைவெளி வாரம் 5,000 பவுண்டு. 60,000 தருவதாக நம்பியிருந்தார், வந்தது 55,000. 2006இல் செல்சிக்குப் போனார். ஆர்சனலுக்கு வந்தது வில்லியம் கல்லாஸும் 50 லட்சம் பவுண்டும். அந்த 5,000 பவுண்டு அவருக்குப் பெரிய பணமே அல்ல, மரியாதைக் குறைவாகப் பட்டது. பேச்சில் ஒத்துக்கொண்டதைவிடத் தாளில் குறைத்து எழுதுவதைவிட மோசமான பிழை இந்தத் தொழிலில் இல்லை. அதைவிட முதலிலேயே குறைவாகச் சொல்லியிருக்கலாம்.

சம்பளத்தை ஒரே எண்ணாகப் பேசாதீர்கள். நிலையான வாரச் சம்பளம், ஆடும் ஆட்டத்துக்கான தொகை, சாம்பியன்ஸ் லீக் (ஐரோப்பாவின் முதன்மைக் கிளப் போட்டி) தகுதி போனஸ், விசுவாச போனஸ் (ஒவ்வொரு ஆண்டும் ஜூலையில் கிளப்பில் இருந்தால் மட்டும்), பட உரிமை (அவர் படத்தை விளம்பரத்தில் பயன்படுத்தத் தரும் தொகை) என்று பிரியுங்கள். தொற்றைத் தடுக்க இதுதான் வழி: நிலையான சம்பளத்தை அணியின் உச்சவரம்புக்குள் வைத்து, மேலே கேட்பதை நிபந்தனையோடு கொடுப்பது. ஆட்டக் கணக்குப் போனஸில் ஒரு பொறி இருக்கிறது. ‘30 ஆட்டம் தொடங்கினால்’ என்று எழுதினால், 29ஆவது ஆட்டத்துக்குப் பிறகு அவரை உட்கார வைத்த அன்று வழக்கறிஞர் கடிதம் வரும். 15, 20, 25, 30 என்று படிகளாக எழுதுங்கள்.

எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு. ஆர்சனலின் அலெக்சிஸ் சான்செஸ் 2018 ஜனவரியில், ஒப்பந்தத்தின் கடைசி ஆறு மாதத்தில் போனதும், கிளப் பதறிப்போய் மெசுட் ஓசிலுக்கு வாரம் சுமார் 3,50,000 பவுண்டு கொடுத்து 2021 வரை கட்டியதாகச் செய்திகள் சொல்லின. 2020 மார்ச்சுக்குப் பிறகு அவர் ஆர்சனலுக்கு ஆடவேயில்லை. 2021 ஜனவரியில் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு ஃபெனர்பாச்சேவுக்குப் போனார். ஒருவரை இழந்த பயத்தில் அடுத்தவருக்கு விலை வைத்தால் இதுதான் நடக்கும். தக்கவைப்பது எப்போதும் வெற்றி அல்ல.

விடுவிப்பு விதி: ஒரு வரியில் போகும் கோடிகள்

‘ரிலீஸ் கிளாஸ்’ என்பது குறிப்பிட்ட தொகை வந்தால் கிளப் தடுக்க முடியாது என்ற வாக்கு. ஸ்பெயினில் எந்த ஒப்பந்தத்திலும் இது இருக்கும். மற்ற நாடுகளில் பேசி வைப்பது. ஒப்பந்தத்தில் வேறு எந்தப் பத்தியையும்விட இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும்.

மாரியோ கோட்சே ஒப்பந்தத்தில் 3.7 கோடி யூரோ என்று எழுதியிருந்தது ஜெர்மனியின் டார்ட்மண்ட். அதே லீக்கில் ஆடும் பயர்ன் மியூனிக் அதைக் கட்டப் போகிறது என்ற செய்தி வெளியானது 2013 ஏப்ரல் 23இல், ரியல் மாட்ரிட்டுக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் அரையிறுதிக்கு முந்தைய நாள். தொகை குறைவு என்பது ஒரு பிழை. நேரடிப் போட்டியாளருக்கும் அதே விதி திறந்திருந்தது அதைவிடப் பெரிய பிழை.

அதே டார்ட்மண்டில் எர்லிங் ஹாலண்டுக்கு 2022 கோடையில் திறக்கும் சுமார் 6 கோடி யூரோ விதி இருந்தது. சந்தையில் அவர் மதிப்பு அதைப்போல் இரு மடங்குக்கு மேல். மான்செஸ்டர் சிட்டி கட்டி எடுத்துக்கொண்டது. இதைத் தோல்வி என்று சொல்ல மாட்டேன். 19 வயதில் ஐரோப்பாவே துரத்திய ஒருவர் டார்ட்மண்டைத் தேர்ந்தெடுக்க அந்த விதியும் ஒரு விலைதான். இரண்டரை சீசனில் 89 ஆட்டத்தில் 86 கோல் கிடைத்தது. விதி கொடுக்கலாம். எதற்கு ஈடாகக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

பெரிய எண் போட்டுவிட்டால் பாதுகாப்பு என்பதும் சரியல்ல. நெய்மருக்கு பார்சிலோனா போட்ட 22.2 கோடி யூரோவை யாரும் கட்ட மாட்டார்கள் என்று நினைத்தார்கள். 2017 ஆகஸ்டில் பாரிஸ் சான்-ஜெர்மன் கட்டியது. சந்தை வளர எண் அப்படியே நின்றால், மூன்று ஆண்டு முன்பு வானளாவத் தெரிந்தது இன்று கைக்கெட்டும். நன்றாகச் செய்பவர்கள் அத்லெட்டிக் பில்பாவோ: நிக்கோ வில்லியம்ஸை பார்சிலோனா துரத்திய நேரத்தில், 2025 ஜூலையில், 2035 வரை நீட்டித்து விடுவிப்புத் தொகையையும் 50 சதவீதத்துக்கு மேல் உயர்த்தினார்கள்.

வார்த்தை தெளிவில்லை என்றால் என்ன ஆகும் என்பதற்கு லிவர்பூலில் இருந்த லூயிஸ் சுவாரெஸ். 4 கோடி பவுண்டுக்கு மேல் வந்தால் என்ற விதியைப் படித்த ஆர்சனல் 2013இல் 4,00,00,001 பவுண்டு கேட்டு அனுப்பியது. லிவர்பூல் உரிமையாளர் ஜான் ஹென்றி, அங்கே என்னத்தைப் புகைக்கிறார்கள் என்று ட்விட்டரில் கேட்டார். அந்த வரி விற்கக் கட்டாயப்படுத்துகிறதா, பேச மட்டுமா என்பதில் ஆளுக்கொரு பொருள் சொன்னார்கள். லிவர்பூல் விற்காமல் நின்றுவிட்டது, ஆர்சனலும் வழக்குக்குப் போகவில்லை. அது லிவர்பூலின் அதிர்ஷ்டம். முன்மாதிரியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆகவே விதியில் எழுத வேண்டியவை: தொகை, நாணயம், வரி சேர்த்தா சேர்க்காமலா, முழுத்தொகை ஒரே தவணையிலா, எந்த நாளில் திறந்து எந்த நாளில் மூடும், எந்தக் கிளப்புகளுக்குச் செல்லும், எவற்றுக்குச் செல்லாது அல்லது கூடுதல் விலை, அறிவிப்பை யார் யாருக்கு எந்த வடிவில் அனுப்ப வேண்டும், தொகை ஆண்டுதோறும் உயருமா. மூடும் நாளைச் சந்தை முடிவதற்கு இரண்டு வாரமாவது முன்பு வையுங்கள், மாற்று வாங்க நேரம் வேண்டும். டாட்டன்ஹமில் டோபி ஆல்டர்வெய்ரல்டுக்கு இருந்த 2.5 கோடி பவுண்டு விதி 2019 ஜூலைக் கடைசியில் யாரும் தொடாமலே காலாவதியானது. டிசம்பரில் அவர் புதிய ஒப்பந்தம் போட்டார்.

தேதியை நாளாக மட்டும் எழுதுவதிலும் ஒரு சிக்கல். சீசன் முடிவில் இலவசமாக வெளியேறலாம், ஆனால் ஜூன் 10க்குள் சொல்ல வேண்டும் என்று லியோனல் மெஸ்ஸியின் பார்சிலோனா ஒப்பந்தத்தில் இருந்தது. 2020இல் கொரோனாவால் சீசன் ஆகஸ்டு வரை நீண்டது. பயர்னிடம் 8-2 என்று தோற்ற பிறகு, ஆகஸ்ட் 25 அன்று அவர் பதிவுக் கடிதம் அனுப்பினார். சீசன் முடிந்த பிறகுதானே என்றது அவர் தரப்பு; ஜூன் 10 போய்விட்டதே, இனி விடுவிப்புத் தொகை 70 கோடி யூரோ கட்ட வேண்டும் என்றது கிளப். அவர் அந்த ஆண்டு தங்கினார், ஆனால் மனம் எப்போதோ கிளம்பிவிட்டிருந்தது. ‘ஜூன் 10, அல்லது அந்தச் சீசனின் கடைசி அதிகாரபூர்வ ஆட்டத்துக்குப் பின் 10 நாள், எது பிந்தியதோ’ என்று எழுதியிருந்தால் குழப்பமில்லை. அல்லது ‘எது முந்தியதோ’. எதுவானாலும் ஒன்று.

கூடுதல் ஆண்டு யாருடையது?

ஒப்பந்தக் கடைசியில் வரும் ‘ஒரு ஆண்டு நீட்டிப்பு வாய்ப்பு’ கிளப்புக்கானதா, வீரருக்கானதா என்பதைச் செய்தித்தாள்கள் கவனிப்பதில்லை. நீங்கள் கவனிக்க வேண்டும். சான்-ஜெர்மன் 2022 மே மாதம் கிலியான் எம்பாப்பேவை 2025 என்று அச்சிட்ட சட்டையோடு மேடையேற்றியது. உண்மையில் ஒப்பந்தம் 2024 வரை. மூன்றாம் ஆண்டை எடுப்பதா வேண்டாமா என்பது வீரர் கையில். 2023 ஜூனில் வேண்டாம் என்று கடிதம் வந்தது. கிளப் அவரை ஜப்பான் பயணத்திலிருந்து விலக்கிப் பார்த்தது, சவுதியின் அல்-ஹிலால் கொடுக்க முன்வந்த 30 கோடி யூரோவை ஏற்றுப் பேச அனுமதித்தது, அவர் பேசவே மறுத்தார். 2024இல் இலவசமாக ரியல் மாட்ரிட். வாய்ப்பை வீரருக்குத் தந்தால், அந்த ஒப்பந்தம் வாய்ப்புக்கு முந்தைய ஆண்டிலேயே முடிகிறது என்று வைத்து உங்கள் நாட்காட்டியை எழுதுங்கள்.

யார் பேசுவது, எங்கே பேசுவது

கிளப் சார்பில் ஒரே ஆள், ஒரே எண். தலைவர் விருந்தில் ஒன்றும், இயக்குநர் அலுவலகத்தில் இன்னொன்றும் சொன்னால் ஏஜென்ட் பெரியதைத்தான் நினைவில் வைத்துக்கொள்வார். தொலைக்காட்சியில் பேசுவது அறவே கூடாது. 2020இல் பயர்ன் வீரர் டேவிட் அலபாவின் ஏஜென்டை, பயர்னின் முன்னாள் தலைவர் ஊலி ஹோனஸ் பேராசை பிடித்த பிரானா மீன் என்றார். நவம்பரில் கிளப் தன் தொகையைத் திரும்பப் பெற்றதாக வெளிப்படையாக அறிவித்தது. 2021இல் அலபா இலவசமாக ரியல் மாட்ரிட்டுக்குப் போனார். மீனுக்குக் காயமேதும் இல்லை.

அதே பயர்ன் 2014இல் டோனி குரூஸை ஒரு ஆண்டு மிச்சமிருக்கும்போது சுமார் 2.5 கோடி யூரோவுக்கு விற்றிருந்தது. உச்ச சம்பள வட்டத்தில் அவரைச் சேர்க்க மனமில்லை. மாட்ரிட்டில் அவர் ஐந்து சாம்பியன்ஸ் லீக் வென்றார். வீரர் கேட்பது அணியில் எந்த வரிசையில் நிற்கிறோம் என்பதைத்தான். சம்பளத் தாள் அந்த வரிசையின் எண் வடிவம். மறுக்கலாம், ஆனால் ஆட்ட மதிப்பைச் சரியாக எடைபோட்டு மறுக்க வேண்டும். கெவின் டி ப்ரூய்னே 2021இல் தரவு ஆய்வாளர்களை வைத்துத் தன் மதிப்பைக் கணக்கிட்டுக்கொண்டு மேசைக்கு வந்தார். உங்களிடமும் அப்படியொரு தாள் இருக்க வேண்டும்.

வாய்மொழி வாக்குகளைக் குறித்து வையுங்கள், கொடுத்ததையும் கொடுக்காததையும். அலெக்சாண்டர் இசாக்குக்கு நியூகாசிலில் 2028 வரை ஒப்பந்தம் இருந்தது. நாட்காட்டிப்படி பயமே இல்லை. ஆனால் 2025 ஆகஸ்டில் வாக்குகள் மீறப்பட்டன, நம்பிக்கை போய்விட்டது என்று அவர் வெளிப்படையாக எழுதினார். கிளப் அப்படியொரு வாக்கு தரவில்லை என்றது. செப்டம்பர் 1 அன்று சுமார் 12.5 கோடி பவுண்டுக்கு லிவர்பூல் போனார். ஒப்பந்தத்தில் மூன்று ஆண்டு மிச்சமிருந்ததால்தான் அந்த விலை வந்தது.

‘இல்லை’ என்று வந்துவிட்டால்

விற்பதா, கடைசி ஆண்டை ஆட வைத்து இலவசமாக விடுவதா? பலரும் முதலாவதே சரி என்பார்கள். எப்போதும் அல்ல. டார்ட்மண்ட் 2013இல் கோட்சேவை இழந்த அதே கோடையில் லெவாண்டோவ்ஸ்கியையும் பயர்னுக்கு விற்க மறுத்தது. அவர் 2014 ஜனவரியில், கதவு திறந்த முதல் வாரத்திலேயே பயர்னோடு முன்-ஒப்பந்தம் போட்டார். அந்த சீசனில் 20 கோலோடு லீக்கின் அதிக கோல் அடித்தவரும் ஆனார். ஒரே கோடையில் இருவரையும் எதிரிக்குக் கொடுப்பதைவிட அது மேல். தொழில் நேர்மையோடு ஆடுபவரா, சாம்பியன்ஸ் லீக் வருமானம் விற்பனை விலையை ஈடுகட்டுமா என்ற இரண்டு கேள்விக்கும் ‘ஆம்’ என்றால் வைத்துக்கொள்ளலாம்.

விற்பதானால் யாருக்கு என்பது விலையளவு முக்கியம். ஆர்சனல் 2012இல் ராபின் வான் பெர்ஸியை ஒரு ஆண்டு மிச்சமிருக்கும்போது சுமார் 2.4 கோடி பவுண்டுக்கு மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு விற்றது. அவர் 26 லீக் கோல் அடித்தார், யுனைடெட் பட்டம் வென்றது. டாட்டன்ஹம் 2023இல் ஹாரி கேனை அதே ஒரு ஆண்டு மிச்சத்தில் ஜெர்மனிக்கு, சுமார் 10 கோடி யூரோவுக்கு அனுப்பியது. 2018இல் போட்ட ஆறு ஆண்டு ஒப்பந்தத்தில் விடுவிப்பு விதி இல்லாததால் அவ்வளவு வந்தது.

மாற்று வீரரை முதலில் வாங்குங்கள். ஏசி மிலான், கோல்கீப்பர் ஜான்லூய்ஜி டொன்னாரும்மாவின் ஒப்பந்தம் முடிய ஒரு மாதம் இருக்கும்போதே லில் அணியிலிருந்து மைக் மெய்ன்யானை எடுத்துவிட்டது. டொன்னாரும்மா பாரிஸுக்குப் போனார், மெய்ன்யான் அடுத்த சீசனில் லீக் பட்டத்தோடு முடித்தார்.

கையெழுத்துக்கு முன்னும் பின்னும்

எல்லாம் பேசி முடித்த பிறகும் இரண்டு இடத்தில் கோட்டை விடலாம். ஒன்று, சம்பள நிலுவை. இரண்டு மாதச் சம்பளம் பாக்கி விழுந்தால் வீரர் எழுத்தில் அறிவித்து 15 நாள் அவகாசம் கொடுத்து, அதற்கும் வராவிட்டால் நியாயமான காரணத்தோடு ஒப்பந்தத்தை முறிக்கலாம். விடுவிப்புத் தொகை எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அப்போது செல்லாது. எந்த நட்சத்திரத்தின் சம்பளமும் ஒரு மாதத்துக்கு மேல் தள்ளிப்போகாதபடி கணக்குப் பிரிவுக்குத் தனி உத்தரவு இருக்கட்டும்.

மற்றது பதிவு. 2021 கோடையில் மெஸ்ஸியும் பார்சிலோனாவும் தொகை உட்பட எல்லாவற்றிலும் ஒத்துப்போயிருந்தார்கள். பழைய ஒப்பந்தம் ஜூன் 30 அன்றே முடிந்துவிட்டது. ஆகவே புதியதைப் புதுப் பதிவாகத்தான் லீக் பார்க்கும். ஸ்பெயின் லீக்கான லா லிகாவின் சம்பள வரம்பில் இடமில்லை. ஆகஸ்ட் 5 அன்று கிளப் கைவிரித்தது, 10ஆம் தேதி அவர் பாரிஸில் கையெழுத்திட்டார். லீக்கில் செலவு வரம்பு இருந்தால், வீரரிடம் எண்ணைச் சொல்வதற்கு முன் அந்த எண்ணை லீக் பதிவு செய்யுமா என்று பாருங்கள். பழைய ஒப்பந்தம் உயிரோடு இருக்கும்போதே பாருங்கள்.